மூன்று பேருக்கு மூன்று கரடி

உலகத்தில் கரடிக்குப் பாடம் சொல்லத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. இன்னொருவர் சித்தி. சித்தி விசில் ஊதினால் கரடி காலைத் தூக்கும், புலி கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கும், குளத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு காலை மாற்றிக்கொள்ளும், வானத்தில் போகிற மேகம்கூட ஓரமாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். சித்தப்பா குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வருவார். இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் வீட்டில் யாரும் லேசில் நம்பவில்லை. ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி உண்டு.

விசில் பழைய வேலையிலிருந்து வந்தது. சித்தி நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். பேருந்துகளுக்குள் டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் வந்து குந்திக்கொண்டதும், மிஞ்சிப்போன கண்டக்டர்களை ஆளுக்கொரு துறைக்கு அனுப்பினார்கள். சிலர் நூலகத்துக்கு, சிலர் குடிநீர் அலுவலகத்துக்கு. சித்திக்கு விழுந்தது மிருகக்காட்சிசாலை. 'கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் இருக்கிறதே' என்றாராம் அனுப்பிய அதிகாரி. படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பத்து வருஷம் உள்ளே தள்ளியவளுக்குக் கரடி எம்மாத்திரம் என்று சித்தப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சித்தி மட்டும் விசிலைக் கழுவி, கயிற்றை மாற்றி, கழுத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் கிளம்பினாள்.

அவள் பொறுப்பில் விட்ட கரடிக்குப் பெயர் அத்தை. மூடிப்போன ஒரு சர்க்கஸிலிருந்து வந்த வயதான பெண் கரடி. வரும், சாப்பிடும், குறை சொல்வதுபோல் உறுமும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் என்பதால் அங்கிருந்தவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அத்தையிடம் ஒரு வித்தை இருந்தது. யாராவது குடையை விரித்தாலும் துடைப்பத்தைத் தூக்கினாலும் போதும், இரண்டு காலில் எழுந்து, முன்னங்கால்களால் முகத்தை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். பார்க்க வந்தவர்கள் கை தட்டுவார்கள். இதற்காகவே குடை கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். சித்தி முதல் நாள் அதைப் பார்த்தாள். கை தட்டவில்லை.

"அது ஆடலை," என்றாள். "அடிக்காதேன்னு கெஞ்சுது. எவனோ கம்பை வச்சே சொல்லிக்கொடுத்திருக்கான். கம்பு போயிடுச்சு, கெஞ்சறது போகலை."

மற்றக் கூடங்களில் மிருகத்தைப் பழக்க, நுனியில் பந்து கட்டிய நீளக் கோல் வைத்திருப்பார்கள். பந்தை மூக்கால் தொட்டால் தீனி. அத்தையிடம் கோலைக் காட்டினால் முகத்தை மூடிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடும். சித்தி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு வீட்டுக் குளியலறையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் குவளை காணாமல் போனது. சித்தப்பா கையால் தண்ணீர் அள்ளிக் குளித்தபடி வீட்டிலிருந்த எல்லோர் மேலும் சந்தேகப்பட்டார். முக்கியமாக வாலு மேல்.

வாலு என்பது சித்தியின் அக்கா மகள். அதே வீட்டில்தான் இருந்தாள். பள்ளிக்கூடமும் அவளும் பாதி வழியிலேயே பேசி வைத்துக்கொண்டு பிரிந்தவர்கள். காய்ந்த பெஞ்சில் 'வண்ணம் ஈரமாக உள்ளது' என்று அட்டை மாட்டி, பூங்கா முழுக்க நிற்க, தான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ரகம். சும்மா இருந்தால் ஊரை விற்றுவிடுவாள் என்று சித்திதான் காட்சிசாலைக்குள்ளேயே பழச்சாறு கடையில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். குவளையை எடுத்தது இந்தத் தடவை அவள் இல்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கரடி, இந்தப் பக்கம் சிவப்புக் குவளை. அத்தை முதலில் மோந்து பார்த்தது. மூக்கு பட்ட அந்த நொடியில் சித்தி விசிலை ஒரு சின்ன ஊது ஊதி, ஒரு பேரீச்சம்பழத்தை உள்ளே போட்டாள். அவ்வளவுதான் பாடம். விசில் என்பது ஒரு வாக்கு: 'இப்போது செய்தாயே, அதுதான் சரி. பழம் வருகிறது.' வாக்குக் கொடுத்தால் தவறக் கூடாது. பழம் தீர்ந்துபோன நாளில் சித்தி விசிலைத் தொடவே மாட்டாள். தப்புச் செய்தால் திட்டு இல்லை, அடி இல்லை, விசில் இல்லை. அந்த அமைதி அத்தைக்குப் பிடிக்காது. வேறு ஏதாவது செய்து பார்க்கும். சரியானதைச் செய்துவிட்டால் காதை நிமிர்த்திக்கொண்டு விசிலுக்குக் காத்திருக்கும்.

குவளையில் தொடங்கியது வளர்ந்தது. கம்பியின் மேல் முன்னங்காலை வைத்து நிற்கப் பழகியது. நகம் வெட்டப் பழகியது. கடைசியில், மருந்துக்கும் ஊசிக்கும் மூன்று ஆள் பலம் தேவைப்பட்ட அந்தக் கரடி, தானே காலை நீட்டிக்கொடுத்து, டாக்டர் ரத்தம் எடுக்கும்போது பேரீச்சம்பழத்தை மென்றபடி வேறு பக்கம் பார்த்தது. அதைப் பார்க்கப் புலிக் கூடத்திலிருந்தும் யானைக் கொட்டிலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தன் மாமியாரையும் கூட்டி வந்தார். குடையை விரித்தாலும் அத்தை இப்போது எழுந்திருப்பதில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு, சித்தியின் கையைப் பார்க்கும். எல்லோரும் சித்தியைப் புகழ்ந்தார்கள். சித்தி, "அது கெட்டிக்காரி," என்று சொல்லிவிட்டுத் தரையைக் கழுவப் போய்விட்டாள்.

குழாய்க்காரர் மட்டும் புகழவில்லை. கரடிக் கூடத்தில் மூத்தவர் அவர். அவர் முறை வரும் நாட்களில் கையில் எப்போதும் தண்ணீர்க் குழாய் இருக்கும். மிருகம் கதவைத் தட்டினால் முகத்தில் ஒரு பீய்ச்சு. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. குளிர் நாளில் வெந்நீர் கலந்துதான் பீய்ச்சுவார். "பழம் கொடுத்துப் பழக்கினா பழத்துக்குத்தாம்மா கட்டுப்படும்," என்பார். சித்தி சண்டை போடவில்லை. அவர் இருக்கும் நாளில் அத்தை கதவைத் தட்டுவதில்லை, அவர் விடுப்பில் போன நாளில் கதவே பெயர்ந்து வருவதுபோல் தட்டுகிறது என்பதை மட்டும் சுட்டிக்காட்டினாள். "தட்டக் கூடாதுன்னு அது கத்துக்கலை அண்ணே. நீங்க எப்ப இருக்க மாட்டீங்கன்னு கத்துக்கிச்சு."

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அத்தை நொண்ட ஆரம்பித்தது.

முதலில் நொண்டியதற்குக் காரணம் இருந்தது. இடது முன்னங்காலில் முள். டாக்டர் எடுத்துவிட்டார், புண்ணும் ஆறியது. ஆனால் கொஞ்ச நாள் கழித்து அத்தை மறுபடி நொண்டுவதாகப் பேச்சு வந்தது. டாக்டர் பார்த்தார், நொண்டியது. அதுவும் அடி வைக்கவே முடியாததுபோல், பார்க்கிறவர் கண் கலங்குகிற மாதிரி. சித்தி பார்த்தாள், காலை வேளையில், நன்றாகவே நடந்தது. குழாய்க்காரர் பார்த்தார், நொண்டலாவது ஒன்றாவது, ஓட்டப் பந்தயத்துக்கே விடலாம் என்றார். ஒரே கரடி. மூன்று பேருக்கு மூன்று விதமாக நடந்தது.

டாக்டர் இளைஞர், நல்லவர், சித்தியை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். மூட்டில் ஏதோ தேய்ந்திருக்கலாம், எலும்பில் கட்டி இருந்தாலும் இருக்கலாம், மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் தெரியும் என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அத்தைக்கு வயதாகிவிட்டது, இதயம் பலவீனம். மயக்கத்தில் போட்டால் எழுந்திருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. படம் எடுக்கும் வண்டி வெளியிலிருந்து வர வேண்டும். அடுத்த வியாழக்கிழமை வருவதாக முடிவானது.

அன்று மாலை சித்தி வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள், மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். என்ன ஆச்சு என்று சித்தப்பா கேட்டார். வாலு தன் பங்குக்கு ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டாள். கடைசியில் சித்தி துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தினமும் காலைல அந்த இடது காலைத்தான் தூக்கச் சொன்னேன். கம்பியில வை, அழுத்து, இன்னும் கொஞ்ச நேரம் வைன்னு. பழம் கிடைக்குதேன்னு அதுவும் வச்சுது. வலிச்சிருந்தா அது எப்படி என்கிட்ட சொல்லும்?"

சித்தப்பா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வாலு எழுந்து குளியலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சித்தி வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்துக்குள் ஒரு ஓரமாக வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குழாய்க்காரர் வந்தபோது அத்தை மூன்று எட்டு வைத்துக் காலைத் தூக்கியது. அவர் குழாயைத் தூக்கியதும் சட்டென்று நான்கு காலில் நின்றது. சித்திக்குப் பாதி புரிந்தது. நொண்டினால் இவர் தண்ணீர் அடிக்கிறார், அதனால் இவரிடம் நொண்டுவதில்லை. நேராக நடந்தால் சித்தி பழம் தருகிறாள், அதனால் சித்தியிடம் நேராக நடக்கிறது. அப்படியென்றால் டாக்டரிடம்?

சாயங்காலம் டாக்டர் வந்தார். அவரைத் தூரத்தில் கண்டதுமே அத்தையின் கால் மேலே போனது. "ஐயோ பாவம்," என்றபடி அவர் வலி மருந்தைக் கலந்து கொடுத்தார். எதில்? தேனில். ஒரு கரண்டி நிறைய. வழித்து நக்கிவிட்டு அத்தை மறுபடி அவரைப் பார்த்து, காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது.

சித்தி தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். பாடம் எடுத்தது சித்தி மட்டும் இல்லை, தேன் கரண்டியோடு தானும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தியிருப்பதாகச் சொன்னார். அன்றிலிருந்து நொண்டினால் தேன் கிடையாது, நேராக வந்தால்தான் மருந்து என்று ஏற்பாடு. குழாயும் கிடையாது. குழாய்க்காரர் முனகினார், ஆனால் குழாயைச் சுருட்டி வைத்தார்.

நொண்டல் குறைந்தது. ஆனால் போகவில்லை. காலையில் இல்லை, மத்தியானத்துக்கு மேல் இருந்தது. அதிலும் பின்சுவர் ஓரமாகப் போனால் மட்டும் பழையபடி.

டாக்டர் குழம்பினார். வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. "உங்ககிட்ட நேரா நடக்குதுங்கறதை வச்சு வலி இல்லைன்னு நான் எழுத முடியாது அக்கா," என்றார். "வலியை மறைக்கறது மிருகங்களோட பிறவிக் குணம். பழத்துக்காகப் பல்லைக் கடிச்சிட்டு நடக்கலாம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். நேராக நடப்பதற்குக் கூலி கொடுப்பவள் தானேதான் என்று சித்திக்குத் தெரியும். நொண்டுவதற்கும் இன்னும் எங்கேயோ கூலி கிடைக்கிறது என்று காட்டினால் ஒழிய, ஊசி போட்டே தீருவார்கள். "ஒரு பழக்கம் இன்னும் சாகாம இருக்குன்னா," என்று சித்தப்பாவிடம் சொன்னாள், "யாரோ அதுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்காங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலு அப்போது சப்பாத்திக்கு மேல் சப்பாத்தியாக வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பேச வாய் இல்லை.

புதன்கிழமை காலை கூடத்தைக் கழுவும்போது சித்திக்கு விடை கிடைத்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிவிடுகிற இடத்தில்தான் அவள் குனிந்து பார்ப்பாள். அத்தையின் சாணியில் விதைகள் இருந்தன. சின்னதாக, கூர் முனையோடு. பேரீச்சங்கொட்டை இல்லை, அதை அவள் எடுத்துவிட்டுத்தான் பழம் போடுவாள். ஆப்பிள் விதையும் இல்லை. குச்சியால் தள்ளி, கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கறுப்புத் திராட்சை. கரடித் தீனியில் திராட்சையே கிடையாது. காட்சிசாலை முழுக்கத் திராட்சை இருக்கிற இடம் ஒன்றே ஒன்று.

சித்தி பின்சுவரைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் போவதற்காக விட்ட ஓட்டை ஒன்று அதில் இருந்தது. முழங்கை நுழையும் அகலம். அந்தப் பக்கம் பழச்சாறு கடையின் பாத்திரம் கழுவும் இடம். விதைகளை அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அன்று வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாலுவுக்குச் சாப்பாட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். அதைப் பார்த்து வாலுவுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வண்டி வந்துவிட்டது. மயக்க ஊசி போடும் ஊதுகுழலை உதவியாளர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் முகம் சரியில்லை. குழாய்க்காரர் குழாய் இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார்.

சித்தி டாக்டரிடம் பத்து நிமிஷம் கேட்டாள். "சார், வலியில நொண்டற கால் எப்பவும் ஒரே கால்தானே? இடது கால் வலிச்சா இடதுதான நொண்டும்?"

"ஆமா."

"கூலிக்கு நொண்டினா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எந்தக் காலா இருந்தா என்ன," என்று மெதுவாகச் சொன்னார். அவர் கண் விரிந்தது. உதவியாளரைக் கையமர்த்தினார்.

சித்தி விசிலை எடுத்துக்கொண்டு, கம்பி ஓரமாக அத்தையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்திக் காட்டினாள். நான்கு காலும் பதிந்து நடந்தது. பிறகு குழாய்க்காரரிடம், கடைக்குப் போய் எல்லோருக்கும் திராட்சைச் சாறு சொல்லிவிட்டு வரச் சொன்னாள். கடைக்காரர் வேண்டாம், அந்தப் பெண்ணே கொண்டு வர வேண்டும் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. குழாய் இல்லாமல் ஏதோ ஒரு வேலை கிடைத்ததே என்று போனார்.

வாலு தட்டோடு வந்தாள். ஏப்ரன் கட்டியிருந்தாள். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும், ஊதுகுழலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், முகம் வெளிறியது. அவ்வளவு நேரமும் சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை திரும்பியது. காது நிமிர்ந்தது. அவசரத்தில் எந்தக் கால் என்பதே மறந்துபோய், வலது காலைத் தூக்கிக்கொண்டு, உலகத்துச் சோகத்தையெல்லாம் முதுகில் சுமந்ததுபோல் நொண்டி நொண்டி வந்து, வாலுவுக்கு நேர் எதிரே கம்பியோரம் நின்றது. வாயைத் திறந்தது.

குழாய்க்காரர்தான் முதலில் சிரித்தார். டாக்டர் உதவியாளரின் கையிலிருந்து ஊதுகுழலை வாங்கி, பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டி மூடிய சத்தத்தில்தான் சித்தியின் தோள்கள் இறங்கின. ஒரு நிமிஷம் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பக்கத்தில் போய், தான் படித்த இடத்தில் இந்த மாதிரி ஒரு பரிசோதனையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, இதைத் தன்னோடு படித்தவர்களிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள், ஆனால் கரடி பேரைப் போடுங்கள், என் பேர் வேண்டாம் என்றாள் சித்தி. பிறகு நிமிர்ந்து, விசிலைச் சரிசெய்துகொண்டு வாலு பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு நீ ஏதாவது கொடுத்திருக்கியா?"

"நானா?" என்றாள் வாலு. ஈர வண்ண அட்டை விஷயத்தில் பூங்காக் காவலாளியிடம் காட்டிய அதே முகம். "நான் இந்தப் பக்கமே வர்றதில்லையே சித்தி. என்னைப் பார்த்தா யாருக்கும் கால் வலிச்சிடும் போல."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை இன்னும் நெருங்கி வந்தது. தட்டிலிருந்த சாற்றை அது பார்க்கவில்லை. வாலுவின் முகத்தையும் பார்க்கவில்லை. ஏப்ரனின் இடது பையை மட்டும், கண் கொட்டாமல் பார்த்தது.

"தட்டை டாக்டர்கிட்ட குடு," என்றாள் சித்தி.

கொடுத்தாள்.

"இப்ப அந்தப் பையில இருக்கறதை எடு."

வாலு எடுத்தாள். ஒரு கை நிறையக் கறுப்புத் திராட்சை. பாதி நசுங்கி, விரலிடுக்கில் ஊதாச் சாறு வழிந்தது.

"முள் குத்தினப்ப ரொம்ப வலிச்சுது சித்தி அதுக்கு," என்றாள். குரல் வழக்கமான இடத்தில் இல்லை. "நொண்டிக்கிட்டே ஓட்டை கிட்ட வந்து நின்னுது. பாவமா இருந்துச்சு. அப்புறம் தினமும் பாவமாவே இருந்துச்சு."

சித்தி திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்ற வாலுவுக்கு அதுதான் தாங்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொள்ளப் போன சித்தி சொன்னாள்.

"கையை மூடிக்கோ. நாலு காலும் தரையில வைக்கட்டும். நான் ஊதினதுக்கு அப்புறம் ஒண்ணு குடு. அது வரைக்கும் ரெண்டு பேரும் நில்லுங்க."

கரடி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வாலு ஒரு கையை மூடிக்கொண்டு, இருவரும் சித்தியின் வாயிலிருந்த விசிலையே பார்த்தபடி நின்றார்கள்.